இரும்பனின் ஓட்டு

3-6-2023, சனிக்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நலம். உன் நலமும் மகள், பேரன் நலமும் அறிய ஆவல். மகளின் பிரசவத்துக்குத் துணையாகச் சென்ற நீ, பேரன் ஓடத் தொடங்கிய பிறகும் திரும்பும் தேதியைத் தெரிவிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டால் "அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அவ்வாறு வைக்க இயலாது என்பதால் எழுதுகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. நம் குடியிருப்பின் பொது அறையில் சிறுவர்களுக்கென ரோபோ மன்றம் தொடங்கியுள்ளேன். மாடி வீட்டு இன்ஜினியர் பெண் மோட்டார், பேட்டரி எல்லாம் வாங்கி வந்து, "அங்கிள், முதல் நாளே ஒரு சின்ன வண்டிய ஓட விட்டுடலாம்" என்றாள். விதிமுறை இல்லாமல் வண்டி எப்படி ஓடும்? முதற்கூட்டத்தில் நான் தலைவராகத் தேர்வானேன், முன்மொழிந்தவனும் நானே. ஆறு பிள்ளைகளில் மூவருக்குப் பதவி வழங்கினேன். விதிமுறைகள் முழுவதும் நிறைவேறும்வரை ஸ்க்ரூடிரைவரை எவரும் தொடக் கூடாது.

உன் தேதியை எதிர்நோக்கும்,
உன் கணவன்

*

என்னங்க,

எல்லாரும் நல்லா இருக்கோம். நேத்து பேரன் என் செருப்பத் தூக்கி வாளியில போட்டான். நீங்க இருந்திருந்தா விசாரணைக் கமிஷன் வெச்சிருப்பீங்க.

பாவம் அந்தப் பிள்ளைங்க! ரோபோ செய்ய வந்ததுங்களைக் குமாஸ்தா ஆக்கிட்டீங்களே.

எப்ப வருவேன்னு கேக்கறீங்க. வந்து? நம்ம வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். ஜன்னலைத் திறக்கணும்னு நான் சொன்னா, கூடாதுன்னு நீங்க. ஆளுக்கு ஒரு ஓட்டு, சமமாப் போச்சுன்னு 'குடும்பத் தலைவர் ஓட்டு'ன்னு இன்னொண்ணு நீங்களே போட்டுக்குவீங்க. கல்யாணமான நாளா நான் ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கேனா? இங்க நான் சொன்னா ஜன்னல் திறக்குதுங்க. காத்து வாங்கிப் பழகிட்டேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டு எதிர்க்கட்சி

*

24-6-2023, சனிக்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையும் மங்கலாக உள்ளது. நீ எந்தத் தேதியில் கோபப்பட்டாய் என்று அறியாமல் பதில் எழுதுவது கடினம்.

மன்றத்தில் ஒரு விபரீதம் நிகழ்ந்துவிட்டது. கீழ் வீட்டுத் தையல்காரரின் மகளை உனக்குத் தெரியும்; நாம் வாயாடி என்போமே, அவள்தான். "மீட்டிங்கும் வேணாம், தலைவரும் வேணாம், ரோபோ செய்யணும்" என்று வாராவாரம் தீர்மானம் கொண்டுவந்தாள். பதவியில் உள்ள மூவர் எதிர்ப்பர்; மற்ற மூவர் ஆதரிப்பர். சமமானதும் தலைவர் ஓட்டால் நான் தோற்கடிப்பேன்.

இன்று, "தாத்தா, புது மெம்பர் ஒருத்தர் வந்திருக்கார்" என்றாள்.

நான் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல், "பெயர்?" என்றேன்.

"இரும்பன்."

"தலைப்பெழுத்து இல்லாமல் சேர்க்க இயலாது."

சற்று நேரம் குசுகுசுப்பு. "மோ, தாத்தா. மோ. இரும்பன். அப்பா பேரு மோட்டார்."

தகப்பன் பெயரை நான் கவனித்திருக்க வேண்டும். எழுத்து திருத்தமாக விழ வேண்டுமே என்ற கவனத்தில் இருந்துவிட்டேன். பதிந்து, கையொப்பமும் இட்டேன்.

"ஆதரிப்போர் கை தூக்கவும்" என்றேன். மூன்று கைகள் எழுந்தன. அடுத்து, மேசைக்கடியிலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு தகரக் கை எழுந்தது. மாடி வீட்டில் ரகசியமாகச் செய்திருக்கிறார்கள். பதிவேட்டில் பெயருள்ள எவரும் வாக்களிக்கலாம் என்பது நான் எழுதிய விதி. நான்குக்கு மூன்று; சமமானால்தானே தலைவர் ஓட்டு! என் துணைத் தலைவனே எழுந்து நின்று கைதட்டினான்.

தற்போது நான் சாதாரண உறுப்பினன். தரையில் விழும் ஸ்க்ரூக்களைப் பொறுக்குகிறேன்.

உன் கணவன்

*

என்னங்க,

நான் சிரிச்ச சிரிப்புல பேரன் பயந்து அழுதுட்டான்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். வாயாடி எனக்கு போன் பண்ணி, "பாட்டி, தாத்தாவ எப்படி ஜெயிக்கறது?"ன்னா. "எனக்கே தெரியாதுடி. எப்பவும் ஒரு கை கொறையுது"ன்னு மட்டுந்தான் சொன்னேன். சத்தியமா வேற ஒண்ணும் சொல்லல.

அந்த இரும்பன நம்ம வீட்டுல கொண்டு வந்து வைங்க. மறுநாளே கிளம்பறேன்.

எதிர்க்கட்சி

*

9-7-2023, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

இரும்பனை இரவல் கேட்டேன். மன்றம் மறுத்துவிட்டது. "அவன் எங்க மெம்பர் தாத்தா, குடுக்க முடியாது. நீங்களே ஒண்ணு செய்யுங்க, சொல்லித் தர்றோம்" என்றாள் வாயாடி.

நேற்று முழுவதும் முயன்றேன். நான் செய்த கை எழுகிறது, இறங்க மறுக்கிறது. இன்ஜினியர் பெண் பார்த்துவிட்டு, "கம்பிய மாத்திக் குடுத்திருக்கீங்க, அங்கிள்" என்றாள். இப்போதைக்கு அதன் மேல் என் துண்டு காய்கிறது.

ஆகவே, இயந்திரக் கை இல்லாமலேயே உன்னை அழைக்கிறேன். குடும்பத் தலைவர் ஓட்டு இன்றுடன் ரத்து. இனி வீட்டில் உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

சமமாக வந்தால் என்ன செய்வது என்று நெடுநேரம் யோசித்தேன். விதி ஒன்றும் எழுத வரவில்லை. நீ வந்தால் உட்கார்ந்து பேசிப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் கணவன்