கறுப்புத் துணிக்குப் பின்னால்

கத்தார்
2007 மாசி

அன்பின் அம்மாவுக்கு,

மகன் உதயரூபன் எழுதுறன். எனக்கு ஒரு குறையுமில்ல. உங்கட முழங்கால் நோவு குறைஞ்சுதா?

தங்கச்சி விதுர்ஷா அனுப்பின பூப்படங்கள் கிடைச்சுது. எல்லாம் எங்கட முற்றத்துப் பூ எண்டு எழுதியிருந்தாள். நல்ல வடிவு. ஆனா எல்லாத்துக்கும் பின்னால கறுப்புத் துணி. அவள் போன் எடுத்துக் கதைச்ச நேரம் ஏன் எண்டு கேட்டன்.

"துணி இருந்தாத்தான் பூ எடுப்பாத் தெரியும், அண்ணா" எண்டாள்.

"அம்மா எங்க?"

"வீட்டில சமைக்கிறா" எண்டு சொல்லி உடனே போனை வெச்சிட்டாள். எங்கட வீட்டில கமரா இல்லையே, அவளுக்குக் குடுத்தது யாரு?

என்ட அறையில இருக்கிற ஏறாவூர் இர்ஷாத் நேத்து செவ்வரத்தம்பூப் படத்தைப் பார்த்தான். "மச்சான், உங்கட வீட்டுச் சுவர் நீலத் தறப்பாளா?" எண்டு சிரிச்சான். ஒரு மூலையில துணி விலகி, கூடாரம் அடிக்கிற நீலப் பிளாஸ்டிக் சீலை தெரியுது. நானும் சிரிச்சன்.

எங்கட கதிரவெளிச் சனமெல்லாம் செல்லடிக்கும் குண்டுக்கும் பயந்து முகாம்களுக்குப் போயிட்டதா இங்க கதைக்கிறாங்க. எங்கட வீடு இருக்கா அம்மா? மறைச்சதுக்கு எனக்குக் கோபமில்ல. வேலையை விட்டிட்டு ஓடி வரவும் மாட்டன்.

இர்ஷாத் அடுத்த மாசம் லீவில வாறான். ரெண்டு போர்வையும் சவுக்காரமும் குடுத்து விடுறன். உங்கட கையால ரெண்டு வரி எழுதி அவனிட்டக் குடுங்க.

இந்தக் கடிதத்தைக் கதிரவெளிக்குப் போடல்ல. மட்டக்களப்பில பெரியம்மா வீட்டுக்குப் போடுறன். நீங்க எங்க இருந்தாலும் அவ கொண்டு வந்து தருவா.

வேலைக்குப் போற பஸ் வந்திட்டு.

மகன்
உதயரூபன்