கரண்டிமூக்கு உள்ளான்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இந்தப் பனியில் எனக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

ஏரியில் பறவைகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை என்று எழுதியிருந்தேனே. அழிந்துவரும் பறவையான கரண்டிமூக்கு உள்ளான் வந்திருப்பது உறுதியானால் தென்கரையில் படகு விடமாட்டார்கள். குருவி அளவுதான் இருக்கும். மூக்கு நுனி மட்டும் கரண்டி போல அகன்றிருக்கும். நேற்று ஒன்றைப் பார்த்தேன். ஆனால் சாதாரண உள்ளானின் மூக்கில் சேறு ஒட்டினாலும் அப்படித்தான் தெரியும். எனவே அது தண்ணீரில் மூக்கைக் கழுவட்டும் என்று காத்திருந்தேன்.

"சார், நீங்க பார்த்து முடிக்கறதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துடும்" என்றார் படகோட்டி.

கழுவியது. கரண்டி அப்படியே இருந்தது. எதற்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்க்கலாம் என்று குனிந்தேன். அதற்குள் ஒரு பருந்து வர, கூட்டமே எழுந்து போய்விட்டது.

மாலையில் அதிகாரி, "பார்த்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

"பார்த்த மாதிரி இருந்தது" என்றேன். அவர் இன்று தென்கரையில் படகு விட அனுமதி கொடுத்துவிட்டார்.

என் மேலேயே எரிச்சலாக வருகிறது அக்கா. நீங்கள் இருந்திருந்தால் "சொல்லித் தொலைடா" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பீர்கள். இங்கே என்னை அதட்டக்கூட ஆளில்லை.

என் கண்ணாடிக் கயிற்றையும் மஃப்ளரையும் அனுப்புங்கள். கூடவே நான்கு வரி எழுதுங்கள், திட்டி எழுதினாலும் சரி.

படகு கிளம்புமுன் அதிகாரியைப் பிடிக்க வேண்டும், முடிக்கிறேன். நான் பார்த்தேன், சேறு இல்லை, கரண்டிதான். உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி