எருமை மந்திரம்

பம்பாய்
2-3-1979

பேச்சித்தாய்க்கு,

நான் சொகமா இருக்கேன். உன் மூட்டுவலியும் என் மேல உள்ள கோவமும் கொறஞ்சிருக்கா?

போன மாசம் நான் சமைக்குத சேட் வீட்டுப் பையனுக்குப் பரீட்சை. அவன் கெளம்பும்போது சேட்டம்மா தயிருல சீனி போட்டு ஊட்டி, ராஜா, சிங்கம்னு கொஞ்சுதா. எனக்கு மேலெல்லாம் கூசிட்டு. "உங்க ஊருல என்ன சொல்லுவீங்க"ன்னு கேட்டா. "ஏலே, தேறாட்டா எருமை மேய்க்கப் போ"ன்னு நம்ம பாஷையிலேயே சொன்னேன். அவ அதை மந்திரம்னு நெனச்சு, பையனை மூணு தரம் சொல்ல வச்சு அனுப்பிட்டா. பய கணக்குல தொண்ணூறு மார்க்கு. இப்ப தெருப்பிள்ளைக எல்லாம் மந்திரம் கேட்டு அடுக்களை வாசல்ல நிக்குது.

மக ஆறுமுகத்தாய்க்கு அடுத்த வாரம் பெரிய பரீட்சை. நம்ம வம்சத்துல பத்தாங்கிளாஸ் எழுதப் போற மொத ஆளு. அவளுக்கும் தயிரு சீனி ஊட்டி அனுப்பு. சங்கரன்கோவில் சந்தையில சுண்டவத்தல் வாங்கி எனக்கு அனுப்பு. இங்கன கொழம்பு கூட இனிக்குது.

இதை உனக்கு வாசிச்சுக் காட்டுததும் அவதான். ஏட்டி, இந்த வரிய முழுங்காம சத்தமா வாசி: இத்தன வருசமா உன்னை ஏசுனது, புகழ்ந்தா கண்ணு பட்டுரும்னுதான். உன்னை நெனச்சா உங்க அப்பனுக்குப் பெருமையா இருக்கு.

அடுப்புல பருப்பு பொங்குது, போறேன்.

இசக்கிப்பாண்டி