கட்டில் மேல் வைத்த பெட்டி

சிவகாசி
வியாழக்கிழமை

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். நெதர்லாந்தில் உன் ஐந்தோவனில் குளிர் இறங்கிவிட்டது என்று போன வாரம் சொன்னாய், உன் தொண்டை எப்படி இருக்கிறது, அந்தக் கனத்த காலுறைகளைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பெட்டியிலேயே கிடக்கின்றனவா என்று எழுது. தினமும் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பிறகு நான் பேசுவது எல்லாம் இருவருக்குமான பேச்சாகிவிடுகிறது. போனில் தட்டினால் நாலு வரியோடு நிறுத்திவிடுவேன் என்றும் எனக்குத் தெரியும். அதனால் பேப்பரில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். நம் குடும்பக் குழுவில் போட்டுவிடாதே.

பிரஸ்ஸில் காலண்டர் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது, அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதே பெரிய விஷயமாகிவிட்டது. தாயில்பட்டிப் பக்கம் மூன்று நாளாக மழை, காயப்போட்ட பட்டாசுச் சரக்கை எல்லாம் அள்ளி உள்ளே வைத்துவிட்டு ஆட்கள் சும்மா இருக்கிறார்களாம், லேபிள் வாங்கிப் போக யாரும் வரவில்லை. மாடி அறையை வேலைக்கு வரும் முத்துச்செல்வி இரண்டு தடவை கழுவிவிட்டாள். சுவரில் கரி போகவில்லை, வாடையும் போகவில்லை. "எக்கா, நீங்க ஊதுவத்தி ஏத்துனா கரிஞ்ச வாடையோட ஊதுவத்தி வாடையும் சேந்து அடிக்கி, வெறுமனே விட்டாலே தேவல" என்கிறாள். நான் மாடிப்படி ஏறுவதையே குறைத்துக்கொண்டேன். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது அந்தக் கதவைக் கடக்க வேண்டும், கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று நடந்ததை உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னோம், முழுதாகச் சொல்கிறேன். பெருந்துறையிலிருந்து ஸ்ரீமதியும் அவள் வீட்டுக்காரரும் ஆறு வயதுப் பெண் கனிஷ்காவும் தீபாவளிக்குப் பட்டாசு எடுக்க வந்து, மாடியை நாள் வாடகைக்கு விட நீ பதிந்து வைத்த ஆப் வழியாக நம் மாடியில் தங்கினார்கள். சாயங்காலம் அவர் வாசலில் காருக்குள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்ரீமதி பிள்ளைக்குப் பால் காய்ச்சக் கீழே வந்தாள். ஐந்து நிமிட வேலை, நான்தான் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்தேன். அவர்கள் பேச்சு கேட்க இனிமையாக இருந்தது, "ஏனுங்க்கா, இத்தனை வெயில்ல எப்படித்தான் இருக்கறீங்களோ" என்று சிரித்தாள், நானும் மாவு அரைப்பதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பது வரை அளந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பிள்ளை மேலே தனியாக ஒரு கம்பி மத்தாப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். பொறி மெத்தையில் விழுந்து, பஞ்சு புகைந்து, திரையைப் பிடித்து, மேலே ஏசி வரைக்கும் போய்விட்டது. புகையைப் பார்த்து ஸ்ரீமதி ஓடினாள். அம்மா வருகிற சத்தம் கேட்டதும் அடி விழும் என்ற பயத்தில் பிள்ளை அந்தச் சிவந்த கம்பியை மறைக்கக் கையை மூடிக்கொண்டாள், பிரீத்திகா. மூடிய கையைத் திறக்கவே அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்பாவும் உன் அப்பாவும் பக்கத்து வீட்டுச் சண்முகவேல் அண்ணாச்சியும் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். அங்கே மருந்து போட்டுக் கட்டிவிட்டு, இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஸ்ரீமதிதான் நிற்கவில்லை, "ஊருக்குப் போயி காட்டிக்கறோமுங்க்கா, இங்க வேண்டாமுங்க" என்று அழுதுகொண்டே காரில் ஏறிவிட்டாள். எங்கள் வீட்டுப் படியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அந்த மத்தாப்பு அவர்கள் வாங்கியது இல்லை. அவர்கள் சரக்கு எல்லாம் காரில் இருந்தது. அது நான் வைத்தது. வருகிறவர்களுக்குச் சோப்பும் துண்டும் வைக்கச் சொல்லி நீ எழுதிக் கொடுத்தாய், அதையெல்லாம் வைத்தேன். நம் ஊருக்கு வந்தவர்களைச் சோப்போடு அனுப்புவதா என்று தோன்றியது. யார் வந்தாலும் கிளம்பும்போது ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கையில் கொடுக்காமல் விடமாட்டோமே, அந்தப் பழக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்கு ரிப்பன் கட்டிக் கட்டில் மேலேயே வைத்தேன். வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். பக்கத்து முக்காலியில் கொசுவர்த்தி, அதற்குத் தீப்பெட்டி. எல்லாம் நான் வைத்ததுதான். பட்டாசு நமக்கு எண்ணெய், பருப்பு மாதிரி ஒரு சாமான். இன்னொரு ஊர்ப் பிள்ளையின் கண்ணில் அது எப்படிப் படும் என்று பி.ஏ. படித்த எனக்கு ஒரு கணம்கூட ஓடவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி மறுநாள் சர்வேயரைக் கூட்டி வந்தார். சர்வேயர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டது "சரக்கு யாருது?" என்றுதான். அப்பா யோசிக்கவே இல்லை, "வந்தவுக கொண்டாந்ததுங்க" என்றார். அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதே. குடியிருக்கும் வீட்டில் பட்டாசு எங்களுடையது என்று ஒரு அதிகாரி முன்னால் வாயைத் திறந்தால், எவ்வளவு வைத்திருக்கிறாய், லைசென்ஸ் எங்கே என்று ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் பயம். ஒரு சின்னப் பெட்டி என்றாலும் வாய் தானாக இல்லை என்றுதான் சொல்லும். நான் காபி டம்ளர்களோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், நான் டம்ளரை நீட்டினேன். அவ்வளவுதான். அதற்கும் பலன் இல்லை. பாலிசியைப் புரட்டிவிட்டு அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "மதினி, இது குடியிருக்கிற வீட்டுக்குப் போட்டது. நாள் வாடகைக்கு விட்டா அவுக கணக்குல அது லாட்ஜ். நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனியாப் போட்டிருக்கலாம்" என்றார். இப்போது போடலாமா என்று அப்பா கேட்டதற்கு, "போடலாம், அது இனிமே எரியறதுக்குத்தான் ஆகும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக் காபியைக் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா உன்னிடம் ஆப் கம்பெனியைப் பார்க்கச் சொன்னார். அவர்களிடம் வீட்டுக்காரர்களுக்கு ஏதோ பாதுகாப்பு இருக்கிறது, சேதத்தை முதலில் தங்கினவர்களிடம் கேட்பார்கள், அவர்கள் கொடுக்காவிட்டால் கம்பெனி பார்க்கும் என்று நீ விளக்கினாய். தங்கினவர்கள் அறைக்குள் பட்டாசு கொண்டுவந்தார்கள் என்று அப்பா சொன்னதை நம்பி நீ எழுதிப் போட்டாய், உன் மேல் துளியும் தப்பில்லை. மெத்தை, ஏசி, திரை, சுவர் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு அந்தத் தொகை ஸ்ரீமதியிடம் போயிருக்கிறது. கைவெந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதைத் திறந்து பார்த்திருப்பாள். அவள் எழுதிய பதிலைக் குழுவில் போட்டாயே, "நாங்க ரூமுக்குள்ள எதுவும் கொண்டு வரலீங்க, அது கட்டில் மேலயே இருந்துச்சுங்க" என்று. அதற்குக் கீழே நீ, எல்லா கெஸ்ட்டும் மாட்டினால் இப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதினாய். அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் பார்த்தேன் என்று நீலக் குறி உனக்கு வந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

அன்றிலிருந்து எனக்கு மெத்தை நினைப்பு இல்லை, அந்தக் கை நினைப்புதான். என்னோடு விருதுநகர்க் காலேஜில் கற்பகவல்லி என்று ஒருத்தி படித்தாள், ஏழாயிரம்பண்ணைக்காரி. சின்ன வயதில் உள்ளங்கையில் தீ பட்டது. புண் ஆறிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆறும்போதுதான் தோல் விரலை உள்ளே இழுக்கும், கையை விரித்து வைத்துக் கட்ட வேண்டும், தினமும் நீவி நிமிர்த்த வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மூன்று விரல் உள்ளங்கையோடு மடங்கியே நின்றுவிட்டது. இடது கையால் பரீட்சை எழுதுவாள், போட்டோ எடுக்கும்போதெல்லாம் அந்தக் கையைத் தாவணிக்குள் வைத்துக்கொள்வாள். இந்தப் பக்கத்தில் தீக்காயம் பட்டவர்களைப் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது விரல் நிமிருதா என்றுதான். பெருந்துறையில் யார் கேட்பார்கள்? நல்ல டாக்டராக இருந்து சொல்லியிருக்கலாம். இல்லை, மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டு, பிள்ளை வலிக்கிறது என்று மூடி வைத்துக்கொண்டால் அழாமல் இருக்கிறாளே என்று அப்படியே விட்டிருக்கலாம். கை இறுகுவது இந்த வாரங்களில்தான். எனக்கு அவளிடம் இதைச் சொல்ல வழியே இல்லை. அவள் நம்பர் என்னிடம் கிடையாது, எல்லாம் உன் போனில் அந்த ஆப்புக்குள்தான் இருக்கிறது. அப்பாவிடம் வாயெடுத்தேன், "எப்படி இருக்குன்னு கேட்டாலே நாம ஒத்துக்கிட்டதா ஆயிரும், நீ சும்மா இரு, லட்சுமிகாந்தமும் அதத்தான் சொல்லுதாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். ஒரு பிள்ளையின் கை எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடாத இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று தெரியவில்லை. பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யாரை யாரிடமிருந்து காப்பது என்றும் தெரியவில்லை.

பெட்டியை வைத்தது வீட்டுக்காரர்களாகிய நாம்தான் என்று கம்பெனிக்கு எழுதினால் நமக்கு ஒன்றும் வராது, உன் கணக்கையே மூடினாலும் மூடுவார்கள். மாடி சும்மா கிடக்கும், அப்பா சொன்னது பொய் என்று எல்லோருக்கும் தெரியும், போலீஸ் வரைக்கும் போகுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவரிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்றும் தெரியவில்லை. பிரஸ்ஸிலிருந்து களைத்து வருகிறவர் முகத்தைப் பார்த்தால் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிவிடுகிறேன். நான் தைரியசாலி இல்லை, உனக்கே தெரியும். இருந்தாலும் அந்தப் பணத்தை ஸ்ரீமதியிடம் கேட்டதை நீ திரும்ப எடுத்துவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு யோசிக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் யோசி, விதிகளைப் படி, அப்பாவிடம் நான் பேசும் வரை பொறு. அதிலெல்லாம் உன் சொல்படி கேட்கிறேன். ஆனால் இதை மட்டும் படித்த உடனே அவளுக்கு அனுப்பிவிடு, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பு:

"ஸ்ரீமதி, சிவகாசி அக்கா பேசுகிறேன். பெட்டியை நான்தான் வைத்தேன். பாப்பா கை விரல் நேராக நிமிர்கிறதா? புண் ஆறும்போது விரல் உள்ளே இழுக்கும், தீக்காயம் பார்க்கிற டாக்டரிடம் காட்டி, கையை விரித்து வைத்துக் கட்டச் சொல்லு. அழுதாலும் விடாதே."

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே. நல்லெண்ணெய் தீர்ந்திருந்தால் சொல், இங்கிருந்து அடுத்து அங்கே வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். பத்திரகாளியம்மன் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் நல்ல மனிதர்களாக அமையட்டும். ஸ்ரீமதி பதில் போடமாட்டாள், நானாக இருந்தாலும் போடமாட்டேன். படித்துவிட்டாள் என்று ஒரு அடையாளம் வருமாமே, அது வந்ததா என்று மட்டும் எனக்குச் சொல். எந்த நேரமானாலும் கூப்பிடு, நானே எடுக்கிறேன்.

உன் அம்மா
சொர்ணலட்சுமி