ஓட்டியவள்

அக்கா,

நீ பக்கத்து அறையில் தூங்குகிறாய். நான் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தோழி வீட்டில் குடித்துவிட்டு அப்பாவின் காரை ஓட்டி, பால்காரர்மேல் மோதி அவர் காலை உடைத்தவள் நான். "இவளுக்குப் பதினாறுதான், கேஸ் எம்மேலயும் வரும். உங்கிட்ட லைசென்ஸ் இருக்கு, நீதான் ஓட்டினதா சொல்லிடு" என்றார் அப்பா. நீயும் தலையாட்டினாய். லைசென்ஸ் போனால் உன் பள்ளி வேன் வேலையும் போகும்.

"விடுடி, அந்த வாண்டுங்க கத்தல்லேருந்து எனக்கு விடுதலை" என்று சிரித்தாய். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார், அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் காவல் நிலையத்துக்கு நானே போகிறேன். அப்பாவையும் விசாரிக்கட்டும். பயமாக இருக்கிறது. ஆனாலும் துணைக்கு உன்னை எழுப்ப மாட்டேன். வந்தால் நான் சொல்வதற்குள் நீ ஓட்டியதாகவே கையெழுத்துப் போட்டுவிடுவாய்.

உன் தங்கை