நல்லா இருந்தா ஒண்ணை அழுத்தவும்

மார்ச் 4, புதன்

காலைல ரெண்டு லிஃப்ட் சர்வீஸ். ஒண்ணுல கதவு சென்சார் மாத்தினேன். இன்னொண்ணுல கோளாறே இல்ல. யாரோ கதவு இடுக்குல விளம்பர அட்டையைச் செருகி வச்சிருந்தாங்க. உருவினதும் ஓடிச்சு.

மத்தியானம் அக்கா ஃபோன். எடுத்ததும் எடுக்காததுமா, "உன்னைப் போலீஸ்ல சொல்லி வச்சிட்டேன்"ன்னா.

"எதுக்கு? கேஸா?"

"ஆமா. ஃபோனை எடுக்காத குத்தத்துக்கு."

விஷயம் இதுதான். எங்க ஊர் ஸ்டேஷன்ல, தனியா இருக்கிறவங்களுக்கு தினமும் காலைல எட்டு மணிக்கு ஃபோன் வருமாம். கம்ப்யூட்டர்தான் கூப்பிடும். நல்லா இருந்தா ஒண்ணை அழுத்தணும். அழுத்தலைன்னா இன்னொரு தடவை அடிக்கும். அதுக்கும் அசையலைன்னா ஜீப் வரும், சொந்தக்காரங்களுக்குத் தகவல் போகும். எனக்கு சொந்தக்காரங்கன்னு அக்கா தன் நம்பரைக் கொடுத்திருக்கா. செல்ஃபோனுக்கு வேண்டாம், வீட்டு ஃபோனுக்கே பண்ணுங்கன்னு வேற சொல்லியிருக்கா. "செல்லுன்னா படுத்துக்கிட்டே அழுத்துவே. இதுக்காவது எந்திரிச்சு ஹாலுக்கு வா."

"கொஞ்ச நாள் ஒழுங்கா எடு. அப்புறம் பாப்பாவை அனுப்புறதைப் பத்திப் பேசலாம்"ன்னா.

பாப்பா, என் ஒரு வயசுப் பொண்ணு, ஜனவரிலேர்ந்து அக்கா வீட்டுல. என் பொண்டாட்டி செத்ததுலேர்ந்து. எல்லாரும் ‘போயிட்டா’ன்னு சொல்றாங்க. எங்க போனா? தலைவலின்னு படுத்தா. அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போனேன். வாசலுக்கு இடதுபக்கம் சின்ன ரூம், ‘பொதுமக்கள் உதவி’ன்னு போர்டு. உள்ள ஒரு ஏட்டம்மா. ஒருத்தர் சைக்கிளை மேஜை வரைக்கும் தள்ளிட்டு வந்து நிக்கிறார். திருடு போனா கண்டுபிடிக்க ஃப்ரேம்ல நம்பர் பொறிச்சுக் கொடுப்பாங்களாம். அந்த மெஷின் சத்தத்துல எல்லாரும் கத்திக்கிட்டிருந்தோம். எனக்கு முன்னாடி நின்னவர் ஊருக்குப் போறாராம், பூட்டின வீட்டைப் பார்த்துக்கணுமாம்.

"பூனைக்குச் சாப்பாடு வைப்பீங்களா மேடம்?"

"பூட்டு இருக்கான்னு பார்ப்போம் சார். பூனையை நீங்கதான் பார்த்துக்கணும்."

அடுத்து நான்.

"வயசு?"

"முப்பத்தி மூணு."

பேனா நின்னுச்சு. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாங்க.

"காது நல்லா கேக்குமா?"

"கேக்கும்."

"நடக்கிறதுக்குக் கைத்தடி ஏதாவது?"

"நடந்துதானே வந்தேன்."

"ஃபாரத்துல இருக்கு தம்பி, கேட்டாகணும். எல்லாரும் எழுபது எழுபத்தஞ்சு. நீங்கதான் இதுல கைக்குழந்தை."

மார்ச் 9, திங்கள்

முதல் கால். குரல் அந்த ஏட்டம்மாவோடதுதான். ஜலதோஷத்தோட பதிவு பண்ணியிருக்காங்க. "வணக்கம். நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அழுத்தவும்."

அழுத்தினேன். "நன்றி"ன்னு சொல்லி வச்சிடுச்சு.

நல்லா இல்லைன்னா எதை அழுத்தணும்னு சொல்லவே இல்ல. வடிவமைப்புல பிழை. எனக்கென்ன.

மார்ச் 12, வியாழன்

கட்டில்ல உக்காந்திருந்தேன். ஃபோன் அடிச்சது கேட்டுச்சு. ஹால் வரைக்கும் எட்டு பத்து அடி இருக்கும். போகல. ஏன்? தெரியல. கால் இருந்துச்சு, காது இருந்துச்சு. மறுபடி அடிச்சுது. அதுக்கும் போகல.

ஜீப் வந்துச்சு. ஜீப் டிரைவருக்கு நல்ல தொப்பை. படி ஏறினதுலயே மூச்சு வாங்குது. "ஒண்ணுமில்ல சார், இருக்கீங்களான்னு பார்க்கத்தான்"ன்னார். "இருக்கேன்"ன்னேன். "அப்ப சரி"ன்னுட்டு இறங்கிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணி ஊத்துறதை விட்டுட்டு என்னையே பார்த்தார்.

சாயங்காலம் அக்கா கத்தினா. "ஒரு ஃபோனை எடுக்க உடம்பு வணங்கல உனக்கு. நாளைக்கு அது பசின்னு அழுதா எந்திரிப்பியா நீ? சொல்லுடா. எந்த நம்பிக்கைல விடுறது?"

கேள்வி நியாயம்தான்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பாப்பா என்னைப் பார்த்ததும் அக்கா தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா. கையை நீட்டினேன். "மா... மா..."ன்னு அக்காவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

அக்கா என் மூஞ்சியைப் பார்க்கல. "என் பசங்க என்னை அம்மான்னு கூப்பிடுறாங்க, அதைக் கேட்டு இதுவும் கூப்பிடுது. என்னன்னு திருத்துவேன்? அத்தைன்னு சொல்லிக் கொடுத்தா வாய் வரல"ன்னா.

சரின்னேன். திரும்பி வர்ற வழியில பெட்ரோல் போட்டேன்.

பாப்பா என்கிட்ட வரணும். இப்ப எனக்கு வேணும்னு தோணுறது அது ஒண்ணுதான். தோணுதுன்னு கூடச் சொல்ல முடியாது. தெரியுது.

மார்ச் 17, செவ்வாய்

லிஃப்டுக்குள்ள அவசர ஃபோன் பெட்டி இருக்கும். ஆள் மாட்டிக்கிட்டா பட்டனை அழுத்தினா அதுவே டயல் பண்ணும். பழைய பெட்டி ஒண்ணு கழட்டி வீட்டுல போட்டிருந்தேன். இன்னைக்குப் பிரிச்சு உக்காந்தேன். மணி அடிச்சா அதுவே எடுக்கணும், கொஞ்சம் பொறுத்து ‘ஒண்ணு’க்கான சத்தத்தை அனுப்பணும், வச்சிடணும். பெரிய வேலை இல்ல. வீட்டு ஃபோன் லைன்ல மாட்டி, செல்லுலேர்ந்து கூப்பிட்டுச் சோதிச்சேன். எடுத்துச்சு. ஒண்ணு அழுத்துச்சு. வச்சுது.

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலையை முழுசா முடிச்சிருக்கேன்.

மார்ச் 18, புதன்

கால் வந்துச்சு. நான் நல்லா இருக்கேனாம். பெட்டி சொல்லிடுச்சு.

மார்ச் 26, வியாழன்

நல்லா இருக்கேன். நேத்தும். முந்தாநாளும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா குரல்ல தெம்பு. "பரவால்லடா, ஜீப் வந்த அன்னைக்கப்புறம் ஒரு நாள் கூட நீ விடலையாம். ஏட்டம்மாவே சொன்னாங்க. பெரியவங்களே அப்பப்ப மறந்துடுறாங்களாம், நீ டான்னு எடுக்குறியாம்."

"ம்."

"இந்த மாசக் கடைசில பாப்பாவைக் கூட்டிட்டுப் போ. நான் ஒரு வாரம் வந்து கூட இருந்து பழக்கிட்டு வரேன்."

"சரி."

"என்னடா, சரிங்கிறே! சந்தோஷப்பட மாட்டியா?"

"பட்டேன்"ன்னேன். வேற ஆளை வச்சுப் பரீட்சை எழுதி பாஸான மாதிரி இருக்கு.

ஏப்ரல் 9, வியாழன்

வேலைக்குப் போகல. நாலாவது நாளா? லிஃப்ட் குழிக்குள்ள ஸ்பேனரை மறந்து வச்சிட்டு மேல வந்துட்டேன், போன வாரம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. மேனேஜர் திட்டல. "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க"ன்னார். திட்டியிருக்கலாம்.

ரொட்டி தீர்ந்துடுச்சு. கழுவாத பாத்திரம் தொட்டி விளிம்புக்கு வந்துடுச்சு. அடுத்தது எங்க வைக்கிறதுன்னு யோசிச்சு, வைக்காம இருக்கணும்னா சாப்பிடாம இருக்கணும்னு புரிஞ்சுது. தர்க்கம் சரிதான்.

இப்படி இருந்தா பாப்பா வந்தா என்ன பண்ணுவே? மாசக் கடைசி வருதே.

நல்லா இருக்கேன்னு காலைல பெட்டி சொல்லியாச்சு.

ஏப்ரல் 13, திங்கள்

இதை ஒழுங்கா எழுதணும்.

ஹால்ல தரையிலயே படுத்திருந்தேன். கால் வந்துச்சு, பெட்டி எடுத்துச்சு, வச்சுது. கொஞ்ச நேரத்துல வாசல்ல ஜீப். கதவை இடிக்கிற சத்தம். "தம்பி! கதவைத் திறங்க! முடியலைன்னா குரல் மட்டும் கொடுங்க!"

திறந்தேன். ஏட்டம்மா முன்னாடி, ஜீப் டிரைவர் பின்னாடி, கையில கம்பியோட. உடைக்கத் தயாரா வந்திருக்காங்க.

"என்னாச்சு தம்பி? எங்க வலிக்குது?"

"ஒண்ணும் இல்லையே. ஒண்ணு அழுத்தினேனே."

"ஒண்ணு அழுத்தினதாலதானே வந்தோம்!"

இன்னைலேர்ந்து மாத்திட்டாங்களாம். நல்லா இருந்தா ரெண்டு. உதவி வேணும்னா ஒண்ணு. முடியாம கிடக்கிறவங்களுக்கு முதல் பட்டனே இருக்கட்டும்னு பண்ணினாங்களாம். மாத்திட்டோம், மாத்திட்டோம்னு பதிவுல ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க. மத்தவங்க எல்லாரும் கேட்டுட்டு ரெண்டுதான் அழுத்தியிருக்காங்க. ஒரு பாட்டி மட்டும் அஞ்சை அழுத்தியிருக்கு.

"நீங்க கேக்கலையா?"

ஏட்டம்மா கண்ணு தொட்டிக்குப் போச்சு, தரையில கிடந்த தலையணைக்குப் போச்சு, ஃபோன் பக்கத்துல ஒயரோட பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்த பெட்டிக்குப் போச்சு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுச்சு.

அப்புறம் மெதுவாத்தான் கேட்டாங்க. "தப்பா அழுத்திட்டீங்களா தம்பி? தப்புன்னா தப்புன்னு போட்டுட்டுப் போயிடுறேன், அதோட முடிஞ்சுது. உதவின்னா உங்க அக்காவுக்கு நான் ஃபோன் பண்ணியாகணும்."

தப்புன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா மாசக் கடைசில பாப்பா வந்திருப்பா. இந்த வீட்டுக்கு. இந்தத் தரைக்கு. நான் இங்க படுத்திருப்பேன், அது அழும், அழுதுக்கிட்டே இருக்கும், யாரும் வர மாட்டாங்க, ஏன்னா நான்தான் நல்லா இருக்கேனே! தினமும் டான்னு நல்லா இருக்கேனே!

"தப்பில்ல"ன்னேன். "அழுத்தினது நான் இல்ல. ஆனா தப்பில்ல."

ஏட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. பெட்டியைப் பத்திச் சொன்னேன். ஜீப் டிரைவர் குனிஞ்சு அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "மேடம், நம்ம மெஷினும் இவர் மெஷினும் இத்தனை நாளா பேசிக்கிட்டு இருந்திருக்குங்க."

"ரெண்டுல ஒண்ணாவது உண்மையைச் சொல்லிச்சே இன்னைக்கு. நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா"ன்னாங்க. அக்காவுக்கு ஃபோன் போட்டாங்க. நான் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அக்கா வந்தா. பாப்பாவைக் கூட்டிட்டு வரல.

"மெஷினா? ஒரு டப்பாகிட்டயாடா நான் தினமும் நிம்மதி வாங்கிக்கிட்டு இருந்தேன்?"

"ம்."

"ம்முன்னா அறைஞ்சிடுவேன். பாப்பா இந்த மாசம் வராது. அடுத்த மாசமும் தெரியாது."

"தெரியும். அனுப்பாதே"ன்னேன். அதுக்குத்தான் அவ உடைஞ்சு போனா. அது வரைக்கும் கோவமா இருந்தவ, அப்படியே சமையல்கட்டு வாசல்ல சரிஞ்சு உக்காந்து அழுதா. நானும் பக்கத்துல உக்காந்தேன். அப்புறம் பாத்திரத்தை ரெண்டு பேரும் கழுவினோம். அவ தேய்ச்சா, நான் அலசினேன். "சின்ன வயசுலயும் அலசுற வேலையை மட்டும்தான் எடுத்துக்குவே"ன்னா.

ஏப்ரல் 22, புதன்

ஏட்டம்மா சொன்ன மனநல டாக்டரைப் பார்த்தேன். கேட்டதுல பாதிக்குப் பதில் சொன்னேன். மாத்திரை ரெண்டு. அடுத்த வாரம் மிச்சப் பாதியோட வரணுமாம்.

ரெண்டு அழுத்தினேன். விரலால.

மே 3, ஞாயிறு

இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அக்கா வீடு. இன்னைக்கு அக்கா, "நான் கடைக்குப் போறேன். அழுதா நீயே பார்த்துக்கோ. ஃபோன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. பழிவாங்குறா.

பாப்பா அழுதா. தூக்கினேன். கடிச்சா. பல்லு நல்லா முளைச்சிருக்கு.

மே 19, செவ்வாய்

என் பொண்டாட்டி பிறந்தநாள்.

ஒண்ணு அழுத்தினேன்.

ஜீப் டிரைவர் மட்டும் வந்தார். "என்ன உதவி சார்?" "தெரியல"ன்னேன். அவருக்கும் தெரியல. தொப்பியைக் கழட்டினார், மறுபடி போட்டுக்கிட்டார். "சரி சார், அப்ப கொஞ்ச நேரம் நிக்கிறேன்"னார். நின்னார். அப்புறம் உக்காருங்கன்னேன், உக்காந்தார். டீ போட்டேன். சர்க்கரை இல்லாமக் கேட்டார், பிஸ்கட் ஆறு சாப்பிட்டார்.

பத்து மணிக்கு வேலைக்குப் போயிட்டேன்.

ஜூன் 6, சனி

பாப்பாவை என்கிட்ட அனுப்ப அக்கா போன வாரம் ஒத்துக்கிட்டா. ஸ்டேஷன் வாசல்ல இன்னைக்குக் கார்ல குழந்தைங்க உக்கார்ற சீட்டைச் சரி பார்த்துக் கொடுத்தாங்க. அக்காதான், "நீ மாட்டின சீட்டை நான் நம்ப மாட்டேன், போலீஸ் பார்க்கட்டும்"னு கூட்டிட்டு வந்தா. பாப்பா அவ மடியில.

ஏட்டம்மா என் கார் பின் சீட்டுல முட்டியை ஊனி, ரெண்டு கையாலயும் பிடிச்சு உலுக்கினாங்க. கார்தான் ஆடுச்சு, சீட்டு ஆடல. "இவர் மாட்டினா லிஃப்டு மாதிரில்ல இருக்கு"ன்னாங்க.

பாப்பாவை உக்கார வச்சு பெல்ட் போட்டேன். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினா. அக்கா ஒரு பையை உள்ள வச்சா, இன்னொரு பையை வச்சா, மூணாவதை எடுத்தா. "பஸ்ல நாளைக்கு வரேன். இன்னைக்கு ஒரு நாள் நீயே பாரு"ன்னா. என்கிட்ட சொல்லல, பையைப் பார்த்துச் சொன்னா.

"மா!"ன்னு உள்ளேருந்து ஒரு கத்தல். அக்கா திரும்பாமலே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துட்டா.

கிளம்பும்போது ஏட்டம்மா கண்ணாடி பக்கம் குனிஞ்சாங்க. "திங்கக்கிழமைலேர்ந்து உங்களுக்குக் கால் வராது தம்பி. இது தனியா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். விதி."

வழியெல்லாம் அழுகை. பாட்டு எனக்கு வராது. லிஃப்ட் எப்படி மேல போகுது, கயிறு அறுந்தா ஏன் விழாதுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினேன். பிரேக் பத்திச் சொல்லும்போது தூங்கிட்டா.

வீட்டு வாசல்ல நிறுத்திட்டு இறங்கல. இறக்கினா எந்திரிச்சிடுவாளேன்னு அப்படியே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆச்சு போல. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "என்ன தம்பி, உள்ளயே இருக்கீங்க? ஏதாவது பிரச்சனையா?"

விரலை உதட்டுல வச்சு, பின்னாடி காட்டினேன்.