ஏழாம் குழாயின் அளவு

நெய்வேலி,
20.10.2016

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பி கார்முகிலும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வராததால்தான் தபாலில் போடுகிறேன். ஸ்பீட் போஸ்ட் கவுகாத்திக்கு ஐந்து நாளில் போய்விடும் என்றார்கள்.

அம்மா அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள். மகள் தீபாவளிக்கு வருகிறாள் என்ற சந்தோஷம் அவளுக்கு, வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று நீ என்னிடம் சொன்னது அவளுக்கு இன்னும் தெரியாது. கார்முகில் சுரங்கத்துக் கன்வேயரில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறான், எழுப்பினால் கடிக்க வருகிறான். குவார்ட்டர்ஸ் சமையலறைச் சுவர் இந்த வருஷமும் ஒழுகப் போகிறது. பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா உன் படிப்பு என்னவென்று கேட்டால் அம்மா பெரிய கணக்கு என்கிறாள். நான் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் என்று முழுசாகச் சொல்கிறேன், நீ எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கிறது. அர்த்தம் கேட்டால் மட்டும் நழுவிவிடுவேன்.

ஆனால் மே மாதம் நீ வந்திருந்தபோது சொன்னதில் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. சுரங்கத்தைச் சுற்றி நான் வாராவாரம் நீர்மட்டம் அளக்கும் குழாய்களைப் படம் போட்டுக் காட்டினாய். ஒரு இடத்தின் ஓரம் முழுக்க மட்டம் தெரிந்தால் நடுவில் எவ்வளவு என்று கணக்கே சொல்லிவிடும், ஓரத்தில் எங்கேயும் இல்லாத உயரம் நடுவில் வரவே வராது, நடுவில் ஒரு ஊற்று இருந்தால் ஒழிய என்றாய். முப்பது வருஷம் டேப்பும் கையுமாக அலைந்தவனுக்கு அதைக் கேட்க அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் நான் அந்த அளவுகளை வீட்டில் எழுதி வைக்கும் சொந்த டைரியை, போன வருஷத்து டைரியை, உன் புராஜெக்டுக்கு எடுத்துப் போ என்று நானே கொடுத்தேன்.

நீ அழுதுகொண்டே சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், சரியா பார். நவம்பர் மாதக் கணக்கில் நடுக் குழாயின் மட்டம் ஓரத்தில் உள்ள பதினொரு குழாய்களையும்விட உயரமாக வந்தது. உங்கள் சார் எண்களைச் சரிபார் என்றார். நீ எண்களில் தப்பு இருக்காது என்று சாதித்துவிட்டு, சமன்பாட்டை மாற்றி, நடுவில் தண்ணீர் ஊறுவதாகச் சேர்த்துக் காட்டினாய். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார், உன்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதோடு உனக்கு இந்தப் படிப்புக்கான மூளை இல்லை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். எண்களை ஏன் சந்தேகப்படவில்லை என்று நான் கேட்டதற்கு, நீங்க எழுதுனதுல எப்படிப்பா தப்பு வரும் என்றாய். எந்தப் பக்கத்துக் குழாயெல்லாம் தாழ்வாக வந்தது என்று கேட்டேன், ஏழாம் நம்பர் பக்கம் என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

எழில், போன வருஷம் நவம்பரில் மூன்று வாரம் நான் ஏழாம் குழாய்க்குப் போகவே இல்லை. அந்த மழையில் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் முழங்கால் அளவு சேறு, கண்ணாடி விரியன் வேறு, என் முழங்கால் இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாத அளவையே எடுத்து மூன்று சென்டிமீட்டர் கூட்டி, அடுத்த வாரம் இரண்டு குறைத்து, ஷெட்டில் உட்கார்ந்தே எழுதினேன். ஒரே எண்ணாக எழுதினால் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் கொஞ்சம் ஆட்டி எழுதுவது. கூட வேலை செய்யும் வெள்ளைச்சாமி, மழ வுட்டதும் அளந்துக்கலாம், யாரு வந்து பாத்துக்கினு இருக்கப்போறாங்க என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதியது என் கை. ஆபீஸ் ரெஜிஸ்டரில் எழுதியதையே வீட்டு டைரியிலும் எழுதினேன். அப்புறம் மறந்தும் போனேன், உன்னிடம் டைரியைக் கொடுத்தபோது சத்தியமாக ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை போய், சுரங்கத்துக்குள் வராமல் அடித்தண்ணீரை இறைக்கும் மோட்டார்கள் ஓடிய கணக்கைப் பார்த்தேன். ஏழாம் குழாய்ப் பக்கத்து மோட்டார்கள் அந்த மழையில் ஒன்பது நாள் ஓடவில்லை. மோட்டார் நின்றால் அடித்தண்ணீர் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியாதா. எல்லாக் குழாயையும்விட ஏழாம் குழாயில்தான் அப்போது மட்டம் அதிகம் இருந்திருக்க வேண்டும். உன் பழைய சமன்பாடு சரி அம்மா. நடுவில் எந்த ஊற்றும் இல்லை. உன் அப்பன் எழுதிய பொய்தான் இருந்தது.

அந்தத் தண்ணீர் அழுத்தம் கூடியிருப்பது தெரியாமல் கீழே ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் என்றுதான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மகள் வரப்போற நேரத்துல ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க என்று அம்மா திட்டுகிறாள். நேற்று எங்கள் ஆபீசர் கோபாலகிருஷ்ணன் சாரிடம் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுங்க தனகோட்டி என்றார், கொடுத்தேன். மெமோ வரலாம். பதினான்கு வருஷம் காண்ட்ராக்டில் கிடந்து பர்மனென்ட் ஆனவன், ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக நீ அங்கே கவலைப்பட்டு உட்கார்ந்திருக்காதே.

தீபாவளிக்கு வா, நாலு நாள் இருந்து அம்மா கையால் சாப்பிடு, திரும்பிப் போ. என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், ஆனால் படிப்பை விட்டுவிடாதே. ஒரு குழாயின் மூன்று எண்ணில் நான் செய்த தப்பு உன் கணக்கில் போய் இடித்திருக்கிறது என்றால், அது எப்பேர்ப்பட்ட கணக்கு, அதைப் போட்டவள் எப்பேர்ப்பட்டவள். நீ நல்லா இருக்கணும், நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கணும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இதை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தை உங்கள் சாரிடம் எடுத்துக்கொண்டு போ. அவருக்குத் தமிழ் தெரியாது, நீதான் படித்துச் சொல்லவேண்டும். அவர் நம்பவேண்டும் என்பதற்காக முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் அப்பா அளக்காமலே எழுதினார் என்கிற இடம் வரும்போது, எனக்காகக் குரலைத் தாழ்த்தாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. தனகோட்டி